காசநோயில் இரத்த சோகையும் இரும்புச் சத்தும்

இரத்த சோகையும் காசநோயும் இந்தியாவில் மிகப் பரவலாகக் காணப்படுபவை. பல வீடுகளில் இவ்விரண்டும் ஒரே நபரிடத்தில் சேர்ந்து காணப்படுகின்றன. காசநோய் உள்ளதெனப் புதிதாகக் கண்டறியப்படுவோரில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்த சோகையும் இருப்பது பல நாடுகளில் நடந்த ஆய்வுகளால் தெரிகிறது.

சோகை என்றவுடன் இரும்புச் சத்துக் குறைவு என்றும், இரும்பு மாத்திரையோ டானிக்கோ உட்கொண்டால் அது தீர்ந்துவிடும் என்றும் மக்கள் கருதுவது வழக்கம். இக்கருத்தில் உண்மை உண்டு. ஆனால் அது முழு உண்மையன்று. காசநோயாளியின் உடலில் பெரும்பாலும் இரும்பு இல்லாமற் போவதில்லை. இருக்கும் இரும்பு பயன்படாத இடத்தில் அடைபட்டுக் கிடக்கிறது. இவ்வேறுபாட்டை அறியாமையால், காசநோயால் வெளுத்த ஒருவர் மாதக்கணக்கில் டானிக் அருந்திக்கொண்டே நோயை முற்றவிட நேரிடுகிறது. அதற்குள் வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் நோய் தொற்றலாம். ஆதலால் களப் பணியாளரும் ஆசிரியரும் இதன் காரணத்தைத் தெளிவாக உணர்ந்திருத்தல் அவசியம்.

1. பரவலின் அளவு

இரத்தத்தின் சிவப்பு நிறத்துக்குக் காரணமான ஹீமோகுளோபின் என்னும் பொருள் குறைவதே இரத்த சோகை. ஒரு டெசிலிட்டர், அதாவது 100 மில்லி லிட்டர் இரத்தத்தில், வயது வந்த ஆண்களுக்கு 13 கிராமுக்கும், கருவுறாத பெண்களுக்கு 12 கிராமுக்கும் குறைவாக ஹீமோகுளோபின் இருப்பின் சோகை எனக் கொள்ளலாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை. 8 கிராமுக்கும் கீழே இறங்கினால் அது கடுமையான சோகையாகும்.

2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 சதவீதத்தினருக்கும், அதே வயதுடைய ஆண்களில் 25 சதவீதத்தினருக்கும், 6 மாதம் முதல் 59 மாதம் வரையுள்ள குழந்தைகளில் 67 சதவீதத்தினருக்கும் சோகை இருந்தது. காசநோயைப் பொறுத்தவரை, 2023ஆம் ஆண்டில் இந்தியாவில் சுமார் 28 லட்சம் பேருக்கு இந்நோய் புதிதாக உண்டாயிற்று என்றும், இது உலக எண்ணிக்கையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு என்றும் உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது.

இவ்வெண்களிலிருந்து ஓர் எச்சரிக்கை கிடைக்கிறது. சோகையுள்ளவர் அனைவரும் காசநோயாளிகள் அல்லர். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் காசநோய் இல்லை. ஆனால் சோகையோடு இருமலும் மெலிவும் சேர்ந்திருக்கும்போது, சோகை மட்டுமே நோய் என்று முடிவு கட்டுவது தவறாகும்.

2. உடலில் இரும்பின் போக்குவரத்து

வயது வந்த ஒருவரின் உடலில் உள்ள மொத்த இரும்பு 3 முதல் 4 கிராம் வரைதான். ஒரு சிறிய ஆணியின் எடைக்கு மேல் இராது. இதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இரத்தச் சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினில் அடங்கியுள்ளது. சுவாசப்பையில் பெறப்படும் பிராணவாயுவை உடலின் எல்லாப் பகுதிகளுக்கும் எடுத்துச் செல்வது இந்த ஹீமோகுளோபினே. அது குறையும்போது களைப்பு, மூச்சு வாங்குதல், படபடப்பு, தலைச்சுற்றல், கவனக் குறைவு ஆகியவை தோன்றுகின்றன.

ஒரு சிவப்பணுவின் ஆயுட்காலம் சுமார் 120 நாட்கள். முதிர்ந்த அணுக்களை மண்ணீரலிலும் கல்லீரலிலும் உள்ள விழுங்கணுக்கள் என்னும் ஒருவகை வெள்ளணுக்கள் விழுங்கிச் சிதைக்கின்றன. சிதைந்த அணுவிலுள்ள இரும்பை அவை வீணாக்குவதில்லை; மீண்டும் இரத்தத்தில் விடுகின்றன. அந்த இரும்பு டிரான்ஸ்பெரின் என்னும் புரதத்தின் மீது ஏறி எலும்பு மஜ்ஜைக்குச் சென்று, அங்கே புதிய சிவப்பணுக்கள் உண்டாவதற்குப் பயன்படுகிறது. உடனடியாகத் தேவைப்படாத இரும்பு, பெரிட்டின் என்னும் மற்றொரு புரதத்தில் சேமித்து வைக்கப்படுகிறது.

புதிய சிவப்பணுக்களைத் தோற்றுவிக்க ஒரு நாளைக்கு 20 முதல் 25 மில்லி கிராம் இரும்பு வேண்டும். ஆனால் ஆகாரத்திலிருந்து குடல் கிரகித்துக்கொள்வது நாளொன்றுக்கு 1 முதல் 2 மில்லி கிராம் அளவே. மற்றதெல்லாம் பழைய அணுக்களிலிருந்து மீட்கப்படும் இரும்பாகும். எனவே இரத்த உற்பத்தி, உண்ணும் உணவை மட்டுமன்றி, உள்ளே நடக்கும் இந்தச் சுழற்சியையும் பொறுத்திருக்கிறது.

வயலில் பயிர் வாடுவதற்கு இரு காரணங்கள் இருக்கக்கூடும். ஏரி வற்றியதால் வாடுவது ஒன்று. ஏரியில் நீர் இருந்தும் மதகு திறவாமையால் வாடுவது மற்றொன்று. வெளியே நின்று பயிரைப் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். உணவுக் குறைவாலும் இரத்த இழப்பாலும் உண்டாகும் சோகை ஏரி வற்றியதற்கு ஒப்பாகும். காசநோய் போன்ற நீண்டகால நோய்களில் உண்டாகும் சோகை பெரும்பாலும் மதகு அடைபட்டதற்கு ஒப்பாகும்.

3. கிருமிக்கும் இரும்பு வேண்டும்

காசநோயை உண்டாக்கும் கிருமியைக் கண்டுபிடித்ததாக ஜெர்மானிய விஞ்ஞானி ராபர்ட் காக் 1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் தேதி அறிவித்தார். இக்கிருமி சுவாசப்பையை அடைந்ததும், அதனை அழிக்க வரும் விழுங்கணுக்களுக்குள்ளேயே தங்கி வாழும் தன்மை பெற்றது. பிற உயிர்களைப் போலவே இதுவும் வளர்ந்து பெருக இரும்பை நாடுகிறது. உடலின் புரதங்கள் இரும்பை இறுகப் பற்றியிருப்பதால், அதைப் பறித்துக்கொள்ள மைக்கோபாக்டின் என்னும் ஒரு பொருளைக் கிருமி தயாரிக்கிறது. இது இரும்பைக் கவர்ந்து கிருமியிடம் கொண்டு சேர்க்கும்.

இதற்கு எதிராக உடல் தன் இரும்பை ஒளித்துவைக்க முற்படுகிறது. அது நடக்கும் முறை நெடுநாள் விளங்காமல் இருந்தது. 2000, 2001ஆம் ஆண்டுகளில் ஹெப்சிடின் என்னும் சிறிய புரதப் பொருள் கண்டறியப்பட்டபின் இம்முறை தெளிவாயிற்று. ஹெப்சிடினைச் சுரப்பது கல்லீரல். குடலணுக்களிலும் விழுங்கணுக்களிலும் இரும்பு வெளியேறும் வாயில் ஒன்று உண்டு. அதற்குப் பெரோபோர்ட்டின் என்று பெயர். ஹெப்சிடின் மிகுந்தால் இவ்வாயில்கள் மூடிக்கொள்ளும். ஹெப்சிடின் குறைந்தால் அவை திறந்திருக்கும்.

உடலில் கிருமி நுழைந்து அழற்சி உண்டாகும்போது, வெள்ளணுக்கள் முதலியவை இன்டர்லூக்கின்-6 என்னும் பொருளை வெளியிடுகின்றன. அது கல்லீரலை அடைந்து ஹெப்சிடின் சுரப்பை மிகுவிக்கிறது. அதன் பயனாக ஆகாரத்தின் இரும்பு குடலணுக்களைத் தாண்டி இரத்தத்தில் சேர்வது தடைப்படுகிறது. பழைய சிவப்பணுக்களின் இரும்பும் விழுங்கணுக்களுக்குள் சிறைப்படுகிறது. எலும்பு மஜ்ஜைக்குப் போதிய இரும்பு கிட்டாமல் இரத்த உற்பத்தி குறைகிறது.

இத்துடன் வேறு காரணங்களும் சேர்கின்றன. சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாய்ட்டின் என்னும் சுரப்பு, சோகையின் அளவுக்கு ஏற்றவாறு உயர்வதில்லை. மஜ்ஜையும் அத்தூண்டுதலுக்கு மந்தமாகவே இணங்குகிறது. சிவப்பணுக்களின் ஆயுளும் சற்றுக் குறைகிறது. இவையனைத்தும் சேர்ந்து உண்டாவதே அழற்சியால் வரும் சோகை.

இங்கே கவனிக்கத்தக்க ஒரு முரண்பாடு உண்டு. இரத்தத்தில் திரியும் கிருமிகளுக்கு எதிராக இரும்பை விழுங்கணுக்களுக்குள் பூட்டிவைப்பது நல்ல தற்காப்பாகும். ஆனால் காசநோய்க் கிருமியோ அவ்விழுங்கணுக்களுக்குள்ளேயே குடியிருக்கிறது. எனவே இந்நோயில் இரும்பை ஒளிக்கும் தற்காப்பு எப்போதும் நன்மையே தரும் என்று கொள்வதற்கில்லை. இரும்பு மிகுந்தாலும் கேடு, மிகக் குறைந்தாலும் கேடு. மிகக் குறைந்தால் நோயை எதிர்க்கும் அணுக்களே தளர்வுறும்.

மேலும், பல நோயாளிகளிடம் மதகும் அடைபட்டு, ஏரியும் வற்றியிருக்கும். பசியின்மையால் உணவு குறைதல், இருமலில் இரத்தம் வருதல், குடலில் கொக்கிப் புழு இருத்தல், பெண்களுக்கு மாதவிலக்கில் மிகுதியான இரத்தப்போக்கு, போலிக் அமிலமும் பி12 வைட்டமினும் குறைதல் ஆகியவை தனித்தோ சேர்ந்தோ சோகையைக் கூட்டுகின்றன.

4. அனுபவமும் ஆய்வுகளும் காட்டுவன

இரும்பு மருந்து காசநோயாளிக்குத் தீங்கு செய்யக்கூடும் என்னும் ஐயம் பழமையானது. 19ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் வாழ்ந்த புகழ்பெற்ற மருத்துவர் அர்மான் துரூசோ, அடங்கியிருக்கும் காசநோயை இரும்பு மருந்து கிளப்பிவிடும் என்று தம் மாணவர்களை எச்சரித்தார். அக்காலத்தில் காசநோய்க் கிருமியே கண்டுபிடிக்கப்படவில்லை. நோயாளிகளைக் கூர்ந்து நோக்கியதிலிருந்து அவர் இம்முடிவுக்கு வந்தார்.

1978ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு இவ்வையத்தை வலுப்படுத்தியது. இரும்புக் குறைவுள்ள சோமாலிய நாடோடி மக்களில் ஒரு பகுதியினருக்கு இரும்பு மாத்திரையும், மற்றொரு பகுதியினருக்கு மருந்தற்ற மாத்திரையும் கொடுக்கப்பட்டன. மருந்தற்ற மாத்திரை பெற்றோரிடையே 7 முறை தொற்றுநோய் தோன்றியது. இரும்பு பெற்றோரிடையே 36 முறை தோன்றியது. முன்பே உடலில் அடங்கியிருந்த மலேரியா, காசநோய் முதலியவை கிளர்ந்தெழுந்ததும் இவற்றுள் அடங்கும். ஜிம்பாப்வே நாட்டின் கிராமப்புறங்களில், இரும்புக் கலங்களில் காய்ச்சப்படும் நாட்டு மதுவால் மிகையான இரும்பு உடலில் சேர்ந்தவர்களிடம் காசநோய் அதிகமாகக் காணப்பட்டதை 2001ஆம் ஆண்டு வெளியான ஆய்வு எடுத்துக்காட்டியது.

இவ்விரு சான்றுகளையும் அளவுக்கு மீறிப் பொருள்கொள்ளலாகாது. முன்னதில் காசநோய்க்கான மருந்து கொடுக்கப்படாத நிலையில் இரும்பு கொடுக்கப்பட்டது. பின்னதில் சேர்ந்த இரும்பு, இயல்பான உணவில் கிடைப்பதைக் காட்டிலும் மிகப் பன்மடங்காகும். காசநோய்க்கு முறையான சிகிச்சை நடக்கும்போது நிலைமை வேறு. இந்தியாவில் நுரையீரல் காசநோயும் மிதமான சோகையும் உள்ள ஆண்களிடம் நடத்தப்பட்டு 2003ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், காசநோய் மருந்துடன் இரும்பும் பெற்றவர்களுக்கு முதல் மாதத்தில் இரத்தம் சற்று விரைவாக ஊறியது. பிறகு இரும்பு பெற்றவருக்கும் பெறாதவருக்கும் இடையே வேறுபாடு மறைந்துவிட்டது. இரும்பு பெறாதவர்களுக்கும் காசநோய் மருந்தினாலேயே சோகை குறைந்தது என்பது இதன் சாரம்.

ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில் நடந்து 2015ஆம் ஆண்டு வெளியான ஆய்வு இதற்கு விளக்கம் தருகிறது. சிகிச்சை தொடங்கும்போது காணப்பட்ட சோகையில் பெரும்பகுதி அழற்சியால் வந்தது. மருந்து பலிக்கப் பலிக்க ஹெப்சிடின் குறைந்து, இரும்பு மீண்டும் வெளிவந்தது. அழற்சி தணிந்த பின்னும் எஞ்சி நின்ற சோகையே பெரிதும் உண்மையான இரும்புக் குறைவால் ஆனது. எனவே இரும்பு கொடுப்பதா என்னும் கேள்வியோடு, எப்போது கொடுப்பது என்னும் கேள்வியும் சேர்ந்தே எழுகிறது.

5. பரிசோதனையைப் பொருள்கொள்ளும் முறை

எடுத்துக்காட்டாக, ஹீமோகுளோபின் 9 கிராம் உள்ள இருவரைக் கருதுக. ஒருவர் போதிய உணவின்றிக் கொக்கிப் புழுவால் வருந்துபவர். மற்றவர் காசநோயாளி. கண்ணிமையின் உட்புறம் இருவருக்கும் வெளுத்திருக்கும். விரல்நுனி இரத்தப் பரிசோதனையும் ஒரே எண்ணைத்தான் காட்டும். இரத்தத்தில் ஓடும் இரும்பின் அளவை அளந்தாலும் இருவருக்கும் குறைவாகவே இருக்கும்.

சேமிப்புப் புரதமாகிய பெரிட்டினை அளந்தால்தான் வேறுபாடு தோன்றும். முதலாமவருக்கு அது குறைந்திருக்கும். காசநோயாளிக்கு அது இயல்பாகவோ மிகுந்தோ இருக்கும். இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்பெரின் முதலாமவருக்கு மிகும், இரண்டாமவருக்குக் குறையும்.

ஆனால் பெரிட்டினும் ஏமாற்றக்கூடியதே. அழற்சியின்போது, சேமிப்பு குறைவாக இருந்தாலும் பெரிட்டின் அளவு உயர்ந்து காணப்படும். இதைக் கருதியே உலகச் சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் இருவேறு எல்லைகளை வகுத்தது. நலமாக உள்ள பெரியவர்களுக்கு ஒரு லிட்டர் சீரத்தில் பெரிட்டின் 15 மைக்ரோகிராமுக்குக் குறைந்தால் இரும்புக் குறைவு எனக் கொள்ளலாம். தொற்றோ அழற்சியோ உள்ளவர்களுக்கு 70 மைக்ரோகிராமுக்குக் குறைந்தாலே குறைவு எனக் கருத வேண்டும். ஆகவே சோகை உண்டா என்பதைக் களப் பணியாளர் காணலாம். அது எவ்வகைச் சோகை என்பதை முடிவு செய்வது மருத்துவரின் பொறுப்பாகும்.

6. சிகிச்சையில் முதலிடம் எதற்கு?

காசநோயால் வந்த சோகைக்கு முதல் மருந்து காசநோய் மருந்தே. கிருமி அழிந்தால் அழற்சி தணியும். அழற்சி தணிந்தால் ஹெப்சிடின் குறையும். அடைபட்ட மதகு தானே திறக்கும். மருந்துக்கு இணங்கும் சாதாரணக் காசநோய்க்கு வழக்கமான சிகிச்சைக் காலம் 6 மாதங்கள். இரண்டாம் மாதத்திலேயே பசியும் எடையும் கூடி உடல் தேறியதுபோல் தோன்றினாலும் மருந்தை இடையில் நிறுத்தக் கூடாது.

மருந்தின் முதன்மையை உலகுக்கு எடுத்துக்காட்டிய ஆராய்ச்சி சென்னையில் நடந்தது. 1956ஆம் ஆண்டில் அங்கு நிறுவப்பட்ட காசநோய் வேதிச் சிகிச்சை நிலையத்தில், நோயாளிகளில் ஒரு பகுதியினர் சானடோரியத்தில் நல்ல ஆகாரத்துடனும் ஓய்வுடனும் சிகிச்சை பெற்றனர். மற்றொரு பகுதியினர் நெருக்கமான தம் வீடுகளிலேயே, குறைந்த ஆகாரத்துடன், அதே மருந்துகளை உட்கொண்டனர். 1959ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி இரு சாராரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தனர். நல்ல மருந்து தவறாமல் உட்கொள்ளப்படுமானால் வீட்டிலிருந்தே நோயை வெல்லலாம் என்பது இதனால் நிலைபெற்றது.

இதனால் ஆகாரம் தேவையில்லை என்று கருதுவது பிழை. ஜார்க்கண்டு மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில் நடந்து 2023ஆம் ஆண்டு வெளியான பெரிய ஆய்வொன்றில், நோயாளிகளின் குடும்பத்தாருக்குக் கூடுதல் உணவுப் பொருள்களும் நுண்சத்துக்களும் அளிக்கப்பட்டன. அதனால் அக்குடும்பங்களில் புதிதாகக் காசநோய் தோன்றுவது 39 சதவீதம் குறைந்தது. சிகிச்சையின் தொடக்க மாதங்களில் எடை கூடிய நோயாளிகளிடையே மரணம் குறைவாக இருந்தது. சத்துணவுக்கு உதவும்பொருட்டு, நிக்ஷய் போஷண் திட்டத்தின் கீழ் நோயாளிக்கு மாதந்தோறும் வழங்கப்படும் தொகை, 2018ஆம் ஆண்டில் 500 ரூபாயாகத் தொடங்கி, 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

இரும்பு மருந்து யாருக்கு வேண்டும்? உண்மையான இரும்புக் குறைவு பரிசோதனையால் தெளிந்தவர்களுக்கும், சோகை கடுமையாக உள்ளவர்களுக்கும், சிகிச்சையால் அழற்சி தணிந்த பின்னும் சோகை நீங்காதவர்களுக்கும் மருத்துவர் அதை அளிக்கக்கூடும். கர்ப்பிணிகளுக்கு இரும்பும் போலிக் அமிலமும் இன்றியமையாதவை. காசநோய் இருப்பதைக் காரணம் காட்டி அவற்றை நிறுத்தலாகாது.

சில சமயம் மருந்துகளே சோகைக்குக் காரணமாகின்றன. ஐசோனியசிட் மருந்து உடலில் பி6 வைட்டமினைக் குறைக்கும். அதனால்தான் அதனுடன் பைரிடாக்சின் மாத்திரை தரப்படுகிறது. மருந்துக்கு இணங்காத காசநோய்க்குக் கொடுக்கப்படும் லினிசோலிட், எலும்பு மஜ்ஜையைத் தளர்த்திச் சோகையை உண்டாக்க வல்லது. அம்மருந்தை உண்பவருக்கு வெளுப்பும் களைப்பும் மிகுந்தால், இரும்பு மாத்திரை தருவதை விட்டு உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அன்றியும், லெவோபிளாக்சசின், மாக்சிபிளாக்சசின் போன்ற மருந்துகளுடன் இரும்பை ஒரே வேளையில் உட்கொண்டால், இரும்பு அம்மருந்தைப் பற்றிக்கொண்டு அது இரத்தத்தில் சேரவொட்டாமல் தடுக்கும். இரண்டுக்கும் இடையே மருத்துவர் கூறும் மணிக்கணக்கு இடைவெளி விடுதல் வேண்டும்.

7. களப் பணியாளர் கைக்கொள்ள வேண்டியவை

(அ) வெளுப்பும் களைப்பும் உடையவரைக் கண்டால் நான்கு வினாக்களைத் தவறாமல் கேட்க வேண்டும்: இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் உண்டா? மாலையில் காய்ச்சல் வருகிறதா? உடல் மெலிந்து வருகிறதா? இரவில் வியர்க்கிறதா? ஒன்றுக்கேனும் ஆம் என்னும் விடை வந்தால் சளிப் பரிசோதனைக்கும் மார்பு எக்ஸ்ரே படத்துக்கும் அனுப்புதல் வேண்டும். அரசு நிலையங்களில் காசநோய்ப் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

(ஆ) இரும்பு மாத்திரையை ஒழுங்காக உட்கொண்டும் சோகை குறையாதவரை மீண்டும் ஆராய வேண்டும். மாத்திரை பலிக்காமைக்கு அடங்கிக் கிடக்கும் காசநோயும் ஒரு காரணமாக இருக்கலாம்.

(இ) காசநோய் மருந்துக்குப் பதிலாக டானிக் வாங்கும் பழக்கத்தை அன்புடன் மாற்ற வேண்டும். டானிக்குக்குச் செலவிடும் பணத்தை முட்டை, பருப்பு, பால், நிலக்கடலை ஆகியவற்றுக்குச் செலவிடுவது மேல் என்று எடுத்துரைக்கலாம்.

(ஈ) உணவிலுள்ள இரும்பைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. கீரை, கம்பு, பயறு வகைகள், இறைச்சி, மீன் முதலியவற்றை நோயாளி தாராளமாக உண்ணலாம். காய்கறி, தானியங்களிலுள்ள இரும்பு எளிதில் கிரகிக்கப்படுவதில்லை. நெல்லிக்காய், எலுமிச்சை, கொய்யா போன்றவற்றை உடன் சேர்த்தால் கிரகிப்பு மிகும். உணவோடு தேநீர் அருந்தினால் அது குறையும்.

(உ) ஹீமோகுளோபின் 8 கிராமுக்குக் குறைந்தவரையும், இருமலில் இரத்தம் காண்பவரையும், படுத்த நிலையிலும் மூச்சு வாங்குபவரையும் தாமதமின்றி மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

(ஊ) சிகிச்சையிலுள்ளவரின் எடையையும் ஹீமோகுளோபினையும் குறித்துவர வேண்டும். மருந்து தொடங்கி இரண்டு மாதமாகியும் இவ்விரண்டும் உயரவில்லையெனில், மருந்து ஒழுங்காக உட்கொள்ளப்படுகிறதா, கிருமி மருந்துக்கு இணங்குகிறதா, இரும்புக் குறைவு வேறாக உண்டா என்று மருத்துவர் ஆராய அத்தகவல் உதவும்.

8. ஆசிரியர்களுக்கு

2018ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இரத்த சோகையற்ற பாரதம் திட்டத்தின்படி, 5 முதல் 9 வயதுள்ள மாணவர்களுக்கு வாரம் ஒருமுறை 45 மில்லி கிராம் இரும்பு கொண்ட இளஞ்சிவப்பு மாத்திரையும், 10 முதல் 19 வயதுள்ளவர்களுக்கு 60 மில்லி கிராம் இரும்பு கொண்ட நீல மாத்திரையும் பள்ளிகளில் தரப்படுகின்றன. இதுவரை கூறியவற்றைக் கேட்டு இம்மாத்திரைகளைப் பற்றி ஐயம் கொள்வது தகாது. வாரம் ஒரு மாத்திரை என்பது, வளரும் பருவத்தினரிடையே பரவலாயுள்ள இரும்புக் குறைவை நீக்கும் சிறிய அளவு. ஏரி வற்றியோருக்கு அது நீர் பாய்ச்சுகிறது. காய்ச்சல், வயிற்றுப்போக்கு போன்ற கடும் நோயுள்ள நாட்களில் மட்டும் மாத்திரையை நிறுத்திவைத்துக் குணமானபின் தொடர்வது முறை.

மாத்திரை வழங்கும் அவ்வாராந்திர வேளை, மாணவர்களைக் கூர்ந்து நோக்குவதற்கு ஏற்ற சமயமாகும். நெடுநாள் இருமும் மாணவன், எடை கூடாத சிறுமி, விளையாட்டில் விரைவில் களைப்பவர், வீட்டில் காசநோயாளி உள்ளவர் ஆகியோரை ஆசிரியர் குறித்துவைத்துச் சுகாதாரப் பணியாளரிடம் தெரிவிக்கலாம். நோயின் பெயரைப் பிற மாணவர் முன்னிலையில் கூறாமல் காப்பது அவசியம். நாணமும் அச்சமுமே பல குடும்பங்களில் நோயை மறைக்கச் செய்கின்றன.

வகுப்பில் இப்பாடத்தை நடத்தும்போது ஏரி, மதகு, வயல் ஆகியவற்றைக் கரும்பலகையில் வரைந்து, அவற்றுக்கு நேராக இரும்புச் சேமிப்பு, பெரோபோர்ட்டின் வாயில், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றைக் குறித்துக் காட்டலாம். பின்வரும் வினாக்கள் பயன்படும்:

(1) ஆகாரத்திலிருந்து நாள்தோறும் கிடைக்கும் இரும்பு மிகக் குறைவாயிருந்தும் இரத்த உற்பத்தி தடையின்றி நடப்பது எவ்வாறு?

(2) காசநோயில் ஹெப்சிடின் மிகுவதால் இரத்தத்தில் உண்டாகும் மாறுதல் யாது?

(3) ஒரே அளவு ஹீமோகுளோபின் உள்ள இருவருக்கு ஒரே சிகிச்சை பொருந்தாமற் போவது ஏன்?

(4) காசநோய் மருந்து உட்கொண்டதும், இரும்பு மாத்திரை இல்லாமலே பலருக்குச் சோகை குறைவதற்குக் காரணம் யாது?

தொகுத்துரை

சோகை என்பது ஓர் அடையாளம். அதன் பின்னே உள்ள காரணத்தை நாடுவதே மருத்துவத்தின் வழி. காசநோயாளியின் உடல் கிருமியிடமிருந்து இரும்பை மறைக்க முற்பட்டுத் தன் இரத்த உற்பத்தியையே குறைத்துக்கொள்கிறது. அந்நிலையில் கிருமியை அழிக்காமல் இரும்பை மட்டும் கொட்டுவதால் பயன் சிறிது, தீங்கும் நேரக்கூடும். கிருமியை அழிக்கும் மருந்து முதலாவது, போதிய ஆகாரம் அதனுடன், இரும்பு மருத்துவரின் கணிப்புப்படி என்பதே நினைவில் இருத்தத்தக்க ஒழுங்கு. வெளுத்த முகத்தோடு டானிக் கேட்டு வருபவரிடம் இருமல் உண்டா என்று ஒரு வினாவைச் சேர்த்துக் கேட்பதற்கு ஒரு நிமிடமும் ஆகாது. அவ்வொரு வினா அவருக்கு உரிய சிகிச்சையைப் பல மாதங்கள் முன்னதாகவே கிடைக்கச் செய்யும். அவர் வீட்டிலுள்ளோரையும் காக்கும்.